கடலோரக் கட்டுமானச் சங்கத்தில் மாத மடலும் கூட்டமும் நடத்தும் முறை

இராமநாதபுரம் கடலோரத்தில், வடக்கே தொண்டி தொடங்கித் தேவிபட்டினம், மண்டபம், இராமேசுவரம், கீழக்கரை வழியாகச் சாயல்குடிப் பக்கம் வரை, வீடு கட்டும் தொழிலில் இருக்கும் கொத்தனார்களும் ஒப்பந்தக்காரர்களும் கம்பி கட்டுவோரும் தச்சர்களும் பொறியாளர்களும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்குவது கடினமான செயல் அன்று. பதிவு முடிந்து, பெயர்ப்பலகை மாட்டி, சந்தா ரசீதுப் புத்தகமும் அச்சாகி வந்த பிறகுதான் செயலாளருக்குச் சோதனை வருகிறது. மாதந்தோறும் ஒரு செய்தி மடலும் ஒரு கூட்டமும் தவறாமல் நடந்தால் சங்கம் உயிரோடு இருக்கும். இரண்டும் நின்றுபோனால் ரசீதுப் புத்தகம் மட்டும் மிஞ்சும். அந்தப் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்து, தவறுகளும் செய்து கற்றவற்றைப் புதிதாகப் பொறுப்பேற்போருக்காக எழுதுகிறேன். நான் கைக்கொண்ட அளவுகோல் ஒன்றே: மடலில் வரும் செய்தியும் கூட்டத்தில் பேசும் பொருளும், உறுப்பினர் திங்கட்கிழமை வேலைத்தளத்துக்குப் போகும்போது ஏதேனும் ஒன்றை மாற்றிச் செய்ய உதவ வேண்டும்.

முதலில் நாட்காட்டி

வேறு ஊர்ச் சங்கத்தின் நாட்காட்டியைப் பார்த்து நம் கூட்ட நாள்களைக் குறித்தால் நாற்காலிகள்தான் வந்து அமரும். நம் பகுதியில் சனிக்கிழமை மாலை வாரக் கூலிக் கணக்கில் போய்விடும். வெள்ளி நண்பகல் ஜும்ஆ தொழுகை. ஞாயிறு காலை கடற்கரைக் கிராமங்களில் திருப்பலி. எனவே ஞாயிறு மாலை 4 மணிக்குத் தொடங்கி, மஃரிபு தொழுகைக்கு முன்பாகக் கலைந்துவிடும் கூட்டமே எல்லோருக்கும் பொருந்துகிறது. ரமலான் மாதத்தில் ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்கி, நோன்பு திறக்க அவரவர் வீடு சேரும்படி முடித்துவிடுங்கள்.

அடுத்ததாக, ஆண்டு முழுவதற்கும் ஒரு தாளில் தடை நாள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தை அமாவாசையும் ஆடி அமாவாசையும் இராமேசுவரம் சாலை முழுவதையும் யாத்திரிகர்களுக்குக் கொடுத்துவிடும். செப்டம்பர் 11 அன்று பரமக்குடியிலும், அக்டோபர் 30 அன்று பசும்பொன்னிலும் நடைபெறும் நிகழ்ச்சிகளையொட்டி மாவட்டத்தில் வாகனக் கட்டுப்பாடுகள் இருக்கும் என்பதால், அந்த நாள்களுக்கு முன்னும் பின்னும் கூட்டம் வைத்து உறுப்பினர்களைச் சோதனைச் சாவடிகளில் நிறுத்த வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்பதால் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கங்களில் பணப்புழக்கம் குறையும். அந்தப் பகுதிகளில் சந்தா வசூலையும் கட்டணப் பயிற்சியையும் அப்போது வைப்பது முறையாகாது.

ஆடி மாதத்தை வீணான மாதம் என்று பலர் நினைக்கிறார்கள். நிலைவாசல் வைப்பதும் பால் காய்ச்சுவதும் அந்த மாதத்தில் அரிதாக இருப்பதால், "எப்போது முடியும்" என்று வீட்டுக்காரர் தரும் நெருக்கடியும் குறைந்திருக்கும். களப் பயிற்சிக்கு அதைவிட நல்ல மாதம் கிடையாது. வடகிழக்குப் பருவமழைக்கான ஆயத்தக் கூட்டத்தைச் செப்டம்பர் முடிவதற்குள் நடத்திவிட வேண்டும். அக்டோபரில் மழை இறங்கிய பிறகு சிமென்ட் மூட்டைகளைப் பலகை போட்டு அடுக்குங்கள், பத்து மூட்டைக்கு மேல் உயர்த்தாதீர்கள், சுவரை ஒட்டி வைக்காதீர்கள் என்று சொல்லி என்ன பயன்? பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால், அந்த வாரக் கூட்டம் நடக்குமா என்று யாரும் கேட்கும்வரை காத்திராமல் தள்ளிவைத்துவிட்டு, சாரத்தை இறுக்கிக் கட்டுவது அல்லது இறக்குவது பற்றிய அறிவிப்பை அன்றே அனுப்புங்கள்.

எதைச் செய்தியாக எடுப்பது

மடல் ஒரே தாளின் இரு பக்கங்களில் அடங்க வேண்டும். தேநீர்க் கடையில் நின்றபடி படித்து முடிக்கும் அளவே போதுமானது. பொன்னாடை போர்த்திய படங்களைக் கடைசியில், இடமிருந்தால் போடலாம். சட்டம், வரி, விலை, அனுமதி, தொழிலாளர் நலவாரியம் ஆகியவற்றில் ஏற்படும் மாற்றங்களே முதல் பக்கத்துக்கு உரியவை. ஆனால் அவற்றை அரசாணையின் நடையில் அப்படியே இறக்கிவைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். செய்தியைக் கணக்காக மாற்றித் தர வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. "வரி குறைந்தது" என்று எழுதுவதோடு நிறுத்தினால், அது செய்தித்தாளில் எல்லோரும் படித்துவிட்ட ஒன்று. வரிக்கு முன் 300 ரூபாய் விலையுள்ள மூட்டைக்கு முன்பு 84 ரூபாய் வரி, இப்போது 54 ரூபாய் வரி, ஆகவே அடிப்படை விலை மாறாதிருந்தால் மூட்டைக்கு 30 ரூபாய் குறைய வேண்டும். கடைக்காரரின் பட்டியலில் அடிப்படை விலையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினால், அதைக் கையில் வைத்துக்கொண்டு உறுப்பினர் கடைக்குப் போவார்.

2024 ஜூலை 22 அன்று தமிழக அரசு தொடங்கிய சுயசான்றுத் திட்டமும் அத்தகையதே. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமாகவோ தரைத்தளமும் முதல் தளமுமாகவோ கட்டப்படும் வீட்டுக்கு, ஒற்றைச் சாளர இணையதளம் வழியாக உடனடி அனுமதி பெறலாம். ஆனால் நம் பகுதியில் இந்தச் செய்தியைப் பாதி சொல்வது ஆபத்து. கடலின் உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது ஓத நீர் ஏறும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரையிலான நிலம் கடலோர ஒழுங்காற்று மண்டல விதிகளுக்குள் வருகிறது. கட்டட அனுமதி கைக்கு வந்ததால் அந்த விதிகளின்படியான அனுமதியும் வந்துவிட்டதாகப் பொருளில்லை. அலைச் சத்தம் கேட்கும் மனையில் அடித்தளத்துக்கு வானம் தோண்டுவதற்கு முன் இரண்டையும் தனித்தனியே கேட்டறியுங்கள் என்னும் ஒரு வரி, அந்தச் செய்தியின் அடியிலேயே இருக்க வேண்டும்.

சரிபார்ப்பது பற்றி என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நலவாரிய அட்டையைப் புதுப்பிக்க நாளையே கடைசி நாள் என்று கைப்பேசியில் வந்த ஒரு தகவலை, அனுப்பியவர் நமக்கு வேண்டியவர் என்ற ஒரே காரணத்துக்காக, இரவு பத்து மணிக்கு எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். மறுநாள் பதினோரு பேர் வேலையை விட்டுவிட்டுப் பேருந்து ஏறி நகரத்துக்குப் போனார்கள்; அப்படியொரு கடைசி நாளே இல்லை என்று தெரிந்து திரும்பினார்கள். ஒரு நாள் கூலி போனதைக்கூட யாரும் பெரிதாகப் பேசவில்லை. அடுத்த மூன்று மாதம் சங்கத்திலிருந்து எந்த அறிவிப்பு போனாலும் "இது உண்மையாண்ணே?" என்று கேட்டார்கள். அதன்பின் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: அரசாணை, அலுவலக அறிவிப்பு, அல்லது அலுவலகத்தில் நேரில் கேட்ட விடை ஆகியவற்றில் ஒன்று கையில் இல்லாத தகவல் மடலில் ஏறாது. எங்கே, எந்தத் தேதியில் கேட்டறிந்தது என்பதையும் செய்தியின் முடிவில் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுவேன்.

அறிவிப்பின் வாசகம்

யார், எதை எடுத்துக்கொண்டு, எங்கே, எந்த நேரத்தில் வர வேண்டும் என்ற நான்கும் இல்லாத அறிவிப்பு, ரசமட்டம் பார்க்காத சுவரைப் போன்றது. "உறுப்பினர்கள் அனைவரும் தங்கள் நலவாரிய அட்டையைப் புதுப்பித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் படித்தவர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். இதையே, "அட்டையின் காலம் இந்த ஆண்டு டிசம்பருக்குள் முடிகிறவர்கள் மட்டும், ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு, ஞாயிறு கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னதாக, மாலை 3.30 மணிக்கு வரவும், விண்ணப்பிக்க உதவ இருவர் இருப்பார்கள்" என்று எழுதினால் வருவார்கள்.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நலவாரியம் 1994ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. 18 வயது முதல் 60 வயது வரையுள்ளவர்கள் பதிவு செய்யலாம். இருந்தும் சித்தாள் வேலை பார்க்கும் பெண்களில் பலர் பதிவு செய்யாமலே இருப்பதைக் காண்கிறேன். சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர் மேஸ்திரியே தவிர அவர்கள் அல்லர் என்பதால், அறிவிப்பு மேஸ்திரியின் கைப்பேசியோடு நின்றுவிடுகிறது. "உங்களிடம் வேலை பார்க்கும் பெண்களையும் அழைத்து வரவும்" என்ற வரியை அறிவிப்பில் சேர்ப்பதோடு, காலையில் ஆள்கள் கூடும் இடத்தில் தாளாக ஒட்டவும் வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

களப் பயிற்சி

மண்டபத்தில் மேடை போட்டு, ஒருவர் ஒரு மணி நேரம் பேசி, எல்லோரும் கேட்டுக் கலைவதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கான்கிரீட் போடவிருக்கும் ஒரு தளத்துக்கு, வீட்டுக்காரரின் ஒப்புதலோடு, முந்தைய நாள் மாலை போங்கள். இருபது பேருக்கு மேல் வேண்டாம். கான்கிரீட்டைத் தாங்க அடித்த சென்ட்ரிங் பலகைமேல் கூட்டமாக ஏறவும் கூடாது. போகும் வழியில், கம்பி துருத்தி, சிமென்ட் பெயர்ந்து விழுந்த சன்ஷேடு ஒன்றை நிறுத்திக் காட்டுங்கள். நம் கடலோரத்தில் அதைத் தேட வேண்டியதே இல்லை. உப்புக் காற்று கம்பியை எட்டினால் துருப்பிடித்த கம்பி பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவருக்கு, அதன்பின் சொல்லப்போகும் எண்கள் மனத்தில் நிற்கும்.

அந்த எண்கள் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதியான, 2000ஆம் ஆண்டின் ஐஎஸ் 456இல் உள்ளவை. கடலோரச் சூழலைக் கடுமையான வகை என்று அது வகுத்திருக்கிறது. அந்தச் சூழலில் கம்பி கட்டிய கான்கிரீட் குறைந்தது எம்30 தரத்தில் (28ஆம் நாளில் சதுர மி.மீ.க்கு 30 நியூட்டன் தாங்கும் வலிமை) இருக்க வேண்டும். கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனம், வேண்டும், நீரின் எடை சிமென்ட் எடையில் 0.45 பங்கைத் தாண்டக் கூடாது. கடல்நீர் நேரடியாகத் தெறிக்கும் இடமானால் எம்35, 50 மி.மீ. என்று ஏறுகிறது. கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக 20 மி.மீ. கவர் பிளாக்கை (அந்தக் கனத்துக்காகக் கம்பிக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை) வாங்கிவந்து தூணுக்கும் தளத்துக்கும் ஒன்றாகப் போடும் பழக்கத்தின் தவறை அங்கேயே, அளவுகோலை வைத்து அளந்து காட்டுங்கள். 0.45 என்பதை விகிதமாகச் சொல்லாமல், 50 கிலோ மூட்டைக்கு இருபத்திரண்டரை லிட்டர், அதிலும் மணலில் உள்ள ஈரம் சேர்த்தி என்று வாளிக் கணக்கில் சொன்னால்தான் கலவை போடுபவருக்குப் புரியும். மேலும், மண்டபம், பாம்பன் பக்கம் கச்சான் எனப்படும் மேல்காற்று வீசும் மாதங்களில் போட்ட தளம் சில மணி நேரத்தில் மேற்பரப்பு உலர்ந்து மயிரிழை வெடிப்பு விடும். மதிய வெயிலில் போடாமல் விடியற்காலையில் தொடங்கி, போட்ட பகுதியை உடனுக்குடன் ஈரச் சாக்கால் மூடுவதை அந்த மாதங்களின் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் தனிப் பாடம். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அதே தரவிதி. நம் ஆழ்குழாய் நீர் பல இடங்களில் நாக்கில் வைத்தாலே கரிக்கிறது. இருந்தாலும் நாக்கை நம்ப வேண்டாம். பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரும் தம் வேலைத்தளத்து நீரைக் கழுவிய பாட்டிலில் ஒரு லிட்டர் எடுத்து, ஊர்ப் பெயரும் தேதியும் ஒட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவுகளை மடலில் ஊர்வாரியாக வெளியிட்டால், அடுத்த முறை அந்த ஊரில் வேலை எடுப்பவர் லாரித் தண்ணீரின் செலவையும் மதிப்பீட்டிலேயே சேர்த்துக்கொள்வார். உப்பு நீரைக் கலவையில் தவிர்த்துவிட்டு, போட்ட கான்கிரீட்டை ஈரமாக வைத்து நீராற்ற மட்டும் ஊற்றுவோர் உண்டு, அதுவும் கூடாது.

பழைய வீடுகள் பற்றிய ஒன்று. கடலோர ஊர்களில் பவளக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய வீடுகள் இன்னும் நிற்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக இருப்பதோடு, பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும் காக்கப்படுகிறது என்பதால் புதிதாகக் கல் எடுப்பதற்கு இடமே இல்லை. பழைய சுவரை இடிக்கும்போது கிடைக்கும் கல்லை உடைத்துக் கான்கிரீட்டில் ஜல்லியாகப் போட்டால், அதிலுள்ள உப்பும் துளைகளும் புதுக் கம்பிக்கே எமனாகும்.

பயிற்சிக்கு மறுநாள் அந்தத் தளத்தில் கான்கிரீட் போடும்போது, அதன் வலிமையை அறிய, கலவையிலிருந்து 150 மி.மீ. கனசதுர அச்சுகளில் குறைந்தது ஆறு கட்டிகள் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். மூன்றை 7ஆம் நாளிலும் மூன்றை 28ஆம் நாளிலும் உடைத்துப் பார்க்க வேண்டும். கீழக்கரை, இராமநாதபுரம் பக்கத்துப் பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளின் கட்டடவியல் ஆய்வகத்தில் முன்கூட்டியே கடிதம் கொடுத்துக் கட்டணத்தையும் நேரத்தையும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். 28 நாள் என்பது சரியாக நான்கு வாரம். திங்கட்கிழமை போட்ட கலவையின் கட்டி திங்கட்கிழமையே உடையும், அந்த வார ஞாயிற்றுக் கூட்டத்துக்கு முடிவு கையில் இருக்கும். கூட்டத்தில் அதுவே முதல் பொருளாக இருக்கட்டும். எண்கள் குறைவாக வந்திருந்தால் எந்தத் தளம், யார் வேலை என்பதைச் சொல்லாமல், எத்தனை வாளி நீர் ஊற்றினார்கள், எத்தனை நாள் நீராற்றினார்கள் என்பதை மட்டும் பலகையில் எழுதிவிட்டு, குறைந்ததற்குக் காரணம் என்னவாக இருக்கலாம் என்று முதலில் வயதில் மூத்த கொத்தனாரைக் கேளுங்கள்.