மடிநோயும் ஆன்டிபயாட்டிக்கும்: கறவை மாடு வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பசுவின் மடி வீங்கியதும் ஆன்டிபயாட்டிக் ஊசியைத் தேடுவது நம் ஊர்களில் பழகிப்போன ஒன்று. அதைக் குறைக்கும் பொறுப்பை மாட்டுக்காரர் தலையில் மட்டும் கட்டுவதே முதல் தவறு என்பேன். காலையில் ஐந்தாறு வீடுகளுக்குச் சென்று பால் கறப்பவர், நோயுற்ற மடியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அடுத்த வீட்டு மாட்டிடம் உட்கார்ந்தால், கிருமியும் கூடவே செல்கிறது. ஆனால் பயிற்சிக்கு ஆள் சேர்க்கும்போது நாம் மறந்துவிடுவது அவரைத்தான். நோயுற்ற மாட்டைக் கடைசியாகக் கறப்பதும், கறந்தபின் காம்புகளைக் கிருமிநாசினிக் கரைசலில் நனைப்பதும், காம்புத் துளை மூடும்வரை அரை மணி நேரம் மாடு படுக்காதிருக்கத் தீவனம் போடுவதும் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சென்ற முறை மீந்த மருந்து டியூப்பை மருத்துவரைக் கேட்காமல் காம்பில் செலுத்துவதும், வீக்கம் வடிந்ததும் மருந்தைப் பாதியில் நிறுத்துவதும் தவறு. கலிபோர்னியா மடிநோய்ச் சோதனைக்கு வேண்டியது நான்கு குழிகள் கொண்ட ஒரு தட்டும் ஒரு கரைசலும்தான்; நோயிருந்தால் பால் கூழாகத் திரளும். கூட்டுறவுச் சங்கமே இதை வாங்கி வைத்தால், வீக்கம் வெளியில் தெரியுமுன்பே நோயைப் பிடித்துவிடலாம்.

சிகிச்சையைச் சங்கத்திடம் மறைப்பது இன்னொரு தவறு. மருந்து கலந்த பாலில் உறை மோர் ஊற்றினால் தயிர் சரியாக உறைவதில்லை. ஆகவே மருந்து உறையில் குறித்துள்ள நாட்கள் முடியும்வரை அந்தப் பாலைச் சங்கத்தில் ஊற்றக் கூடாது. கன்றுக்குக் கொடுத்தால் அதன் குடலில் மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருக வழியாகும். அதே வேளையில், உண்மையைச் சொன்னவரைச் சங்கம் எல்லோர் முன்னும் கடிந்துகொண்டால், அடுத்த முறை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். நெதர்லாந்தில் ஒவ்வொரு பண்ணையின் மருந்துப் பயன்பாட்டையும், மருத்துவர்கள் எழுதிக்கொடுத்த அளவையும் பதிவுசெய்து பிறரோடு ஒப்பிட்டார்கள். 2009-க்குப் பின் பத்தாண்டுகளில் கால்நடை ஆன்டிபயாட்டிக் விற்பனை சுமார் 70 விழுக்காடு குறைந்தது.

மூலிகையைப் பற்றியும் ஒரு சொல். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்த விழுதை மடியில் பூசும் முறை பல இடங்களில் பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் காய்ச்சலோடு தீவனம் தின்னாமல் நிற்கும் மாட்டுக்கு விழுதைப் பூசிக்கொண்டு காத்திருக்காமல், அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும்.