ஊட்டியில் கல்யாணம், கோவைக் கணக்கில் மேக்கப்: மணப்பெண் அலங்காரத்தில் நேரும் தவறுகள்

தை மாதத்து முகூர்த்தம் என்றால் ஊட்டி மண்டபத்துக்கு வெளியே புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும். உள்ளே ஹோமத் தீ முகத்துக்கு எதிரிலேயே எரியும். இரண்டையும் நான்கைந்து மணி நேரம் தாங்க வேண்டிய மேக்கப் இது. வியர்வையை மனதில் வைத்துக் கோவையிலும் திருப்பூரிலும் போட்டுப் பழகிய முறை இங்கே செல்லாது. மலையில் எதிரி வறட்சி. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி கல்யாணங்களில் முகம் திட்டுத்திட்டாய்த் தெரிவதற்கு முக்கியக் காரணம், கீழே சரியாக இருப்பதை அப்படியே மேலே கொண்டுவருவதுதான்.

"குளிர்தானே, வெயில் எங்கே?"

முதல் தவறு இதுதான். உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிரின் வீச்சு சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர். குளிர்காற்று அடிப்பதால் தோல் சுடுவது உடம்புக்குத் தெரியாது. மாலையில் மூக்கும் கன்னமேடும் சிவந்த பிறகுதான் தெரியும். கல்யாணத்துக்கு முந்தின நாள் தேயிலைத் தோட்டத்திலும் பைன் காட்டிலும் மூன்று மணி நேரம் போட்டோ ஷூட் வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. வெந்த தோல் சில நாளில் உரியும், உரிகிற தோலில் எந்த ஃபவுண்டேஷனும் உட்காராது. ஷூட்டைக் குறைந்தது பத்து நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

மேகமூட்டம் இருந்தாலும் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீன் வேண்டும். அளவு: ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் இரண்டு கோடு, முகத்துக்கும் கழுத்துக்கும் அது சரியாக இருக்கும். வெளியில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. பட்டாணி அளவு தொட்டுப் பூசிவிட்டு "போட்டேனே" என்பதில் பயனில்லை.

கொதிக்கிற தண்ணீரும் புது க்ரீமும்

குளிருக்கு இதமாக ஆவி பறக்கப் பறக்கக் குளிப்பது மலைவாசிகளுக்குக் கைவிட முடியாத சுகம். ஆனால் தோலின் எண்ணெய்ப் பசையை அதுதான் முதலில் கழற்றுகிறது. கல்யாணத்துக்கு முந்தைய ஒரு மாதமாவது வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிடத்துக்குள் குளியல், முகத்துக்கு சோப்பு வேண்டாம். துடைத்த ஈரம் முழுதாகக் காய்வதற்குள் மாய்ஸ்சுரைசர். ராத்திரி உதட்டிலும் குதிகாலிலும் வாஸ்லின் தடவி, காலுக்கு சாக்ஸ். மெட்டி போடும்போது எல்லோர் கண்ணும் காலில்தான் இருக்கும். வெடிப்பை ஒரே வாரத்தில் மறைக்க முடியாது.

ஃபேஷியல் கல்யாணத்துக்கு ஐந்து முதல் ஏழு நாள் முன்பு, அதுவும் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட ஃபேஷியல் மட்டும். த்ரெட்டிங்கும் வாக்ஸிங்கும் இரண்டு மூன்று நாள் முன்பு. ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) க்ரீம் பூசுகிறவர்கள் வாக்ஸிங்குக்கு ஒரு வாரம் முன்பே அதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் மெழுகோடு தோலும் வரும். கடைசி நான்கு வாரத்தில் புதிதாக ஒரு க்ரீம்கூட முகத்தில் ஏறக்கூடாது.

பத்து நாளில் வெளுப்பாக்குகிறது என்று தோழி கொடுத்த ட்யூப் கையில் இருந்தால் பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். பெட்டமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்றிருந்தால் அது ஸ்டீராய்டு மருந்து, அழகு க்ரீம் அல்ல. தொடக்கத்தில் முகம் பளிச்சென்றுதான் இருக்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து நரம்பு சிவப்பாய்த் தெரியும், பருவும் கிளம்பும். நிறுத்தினால் எரிச்சல் முன்னைவிடக் கூடும். ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போவதே நல்லது, அதுவும் கல்யாணத்துக்கு மாதக்கணக்கில் முன்பே.

நலங்கு மஞ்சள்

நலங்கை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. எந்த மஞ்சள், எப்படிக் கழுவுகிறோம் என்பதில்தான் கோளாறு. சமையல் மஞ்சள்தூளில் நிறம் அதிகம், முகத்தில் ஒட்டிக்கொள்ளும். கஸ்தூரி மஞ்சள் நிறம் அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் கடையில் அந்தப் பெயரில் சாதா மஞ்சளே வருவதுண்டு. கஸ்தூரி மஞ்சளின் தூள் வெளிறிய சந்தன நிறத்தில் இருக்கும்; பளீரென்ற மஞ்சளாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பூசி முடித்த கையோடு சோப்புப் போடுவது அடுத்த தவறு. சோப்பின் காரம் பட்டதும் மஞ்சள் செங்காவியாக மாறும். தோல் புண்ணாகிவிட்டதென்று பதறி இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். அப்போதுதான் நிஜமாகவே புண்ணாகும். மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெயை லேசாகச் சூடாக்கி முகம், கழுத்து, காது மடலில் தடவுங்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பஞ்சால் துடைத்துவிட்டுப் பயத்தமாவால் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். மிச்சம் தங்கினால் மேக்கப் போடுகிறவரிடம் சொல்லிவிடுங்கள். மஞ்சள் பிடித்த கன்னத்தைப் பார்த்து ஷேடு எடுத்தால் முகம் ஒரு நிறம், தோள் ஒரு நிறமாகிவிடும்.

மருதாணி சிவக்கவில்லை என்றால்

பெரும்பாலும் குளிர்தான் காரணம். கை சில்லென்றிருந்தால் மருதாணி பிடிக்காது. கதவு சாத்திய, வெதுவெதுப்பான அறையில் உட்கார்ந்து, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு வையுங்கள். ஆறு முதல் எட்டு மணி நேரம் இருக்கட்டும். உதிர்த்த பிறகு அரை நாளாவது தண்ணீர் படக்கூடாது. ஆரஞ்சாகத் தெரிந்தால் கவலை வேண்டாம், நிறம் முழுதாக ஏற இரண்டு நாளாகும். கோன் பிசையும்போது சேர்க்கிற நீலகிரித் தைலம் நம்மூர்ச் சரக்குதான். அதற்காக இன்னும் சிவக்கட்டும் என்று பாட்டிலிலிருந்து நேராகக் கையில் ஊற்றினால் எரிந்து தடிக்கும். அரை மணியில் கறுக்கும் 'கறுப்பு மருதாணி' வேண்டவே வேண்டாம். அதில் கலப்பது தலைச்சாயத்து ரசாயனம், கொப்புளம் போட்டால் தழும்பே நிற்கலாம்.

முடி: எண்ணெயும் ஈரமும்

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஊட்டியில் வருஷத்தின் பெரும்பாலான நாள் அது பாட்டிலில் கட்டிதான். முந்தின நாள் தலை நிறைய வைத்து, மறுநாள் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைகுறையாக அலசினால் வேர்க்காலில் பசை தங்கும். அந்த வழுக்கலில் சவுரி நிற்காது, ஸ்லைடு பின் நழுவும், ஜடைபில்லை ஒவ்வொன்றாகச் சாயும். எண்ணெய்க் குளியலை மூன்று நாள் முன்பே முடித்துவிடுங்கள். முந்தின நாள் வெறும் ஷாம்பூ. கண்டிஷனர் நுனிக்கு மட்டும். அதையும் மதியப் பனிமூட்டம் இறங்குவதற்கு முன், காலை பதினொன்றுக்குள் முடித்துக்கொண்டால்தான் முடி வெயிலில் காயும்.

விடியற்காலை மங்கல ஸ்நானம் தலையோடுதான் என்று வீட்டில் கட்டாயமானால் ட்ரையருக்கு முழுசாக முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஈரமுடியில் ஸ்ட்ரெய்ட்னரை வைத்தால் உள்ளே இருக்கும் நீர் கொதித்து முடியை உள்ளிருந்தே பிளக்கும்.

பூ ஜடை முந்தின ராத்திரியே கீழிருந்து வந்துவிட்டால் ஃப்ரிட்ஜ் தேடவேண்டாம், ஊட்டி ராத்திரியே ஃப்ரிட்ஜ்தான். வாழையிலையில் சுற்றி ஹீட்டர் இல்லாத அறையில் வையுங்கள். வராந்தாவில் மட்டும் வேண்டாம். உறைபனி பட்ட இதழ் கண்ணாடிபோல் ஆகி, மேடைச் சூட்டில் கறுத்துவிடும்.

முகூர்த்தக் காலை

மேக்கப் ஆர்ட்டிஸ்ட் கோவையிலிருந்து வருகிறார் என்றால் முந்தின மாலையே மேலே வந்துவிட வேண்டும். நீலகிரிக்கு வெளிவண்டிகள் வர 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு பர்லியாறு தாண்டி மூடுபனியில் ஊர்ந்து வருபவரின் கை நிதானமாக இருக்காது.

அவர் பெட்டியைத் திறக்கும்போது புடவை உடுத்தியிருக்காதீர்கள். கோவையைவிட ஊட்டியில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே மூடிய ட்யூபுக்குள் அடைபட்ட காற்று மேலே வந்ததும் விரிந்து நிற்கும். மூடியைத் திருகியதும் ஃபவுண்டேஷன் புளுக்கென்று பட்டில் பாயும். எல்லா ட்யூபையும் முந்தின ராத்திரியே நிமிர்த்திப் பிடித்து, டிஷ்யூவுக்கு மேல் ஒருமுறை திறந்து மூடிவிட்டால் தீர்ந்தது.

ரூம் ஹீட்டருக்கு முகத்தைக் காட்டி உட்காராதீர்கள், காலுக்குக் காட்டுங்கள். மாய்ஸ்சுரைசர் பூசிப் பதினைந்து நிமிடம் விட்ட பிறகே ப்ரைமர் என்கிற அடிப்பூச்சு. ஃபவுண்டேஷன் க்ரீம் வகை, புறங்கையில் தேய்த்துச் சூடாக்கி, மெல்லியதாய் இரண்டு பூச்சு. பவுடர் மூக்கோரம், முகவாய், கண்ணுக்கடியில் மட்டும். முகம் முழுக்க மேட் பவுடர் அப்பினால் மாலை மாற்றுவதற்குள் சிரிப்புக்கோடுகள் பாளம்பாளமாய்த் தெரியும். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் பூச்சு மிகக் குறைவாக இருக்கட்டும், குளிரில் மூக்கு ஒழுகும், துடைத்தே தீர வேண்டும். துத்தநாகம், டைட்டானியம் கலந்த சன்ஸ்க்ரீன் அன்றைக்கு வேண்டாம். ஃப்ளாஷ் பட்டால் படத்தில் முகம் மாவு பூசியதுபோல் வெளுத்துவிடும்.

ஹோமப் புகையில் கண் கலங்காத பெண் கிடையாது. மஸ்காரா தண்ணீருக்குக் கலையாததாக இருக்கட்டும். கீழ் இமைக்குள் மை இழுத்தால் ஒழுகும், வெளியே மெல்லிய கோடு போதும். டிஷ்யூவைக் கூராக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணோரத்தில் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கன்னமும் சேர்ந்து வரும்.

இவை அனைத்துக்கும் ஒத்திகை ஊட்டியிலேயே நடக்க வேண்டும். கோவை பார்லர் நாற்காலியில் பார்த்த ட்ரையல் இங்கே எதையும் சொல்லாது. போட்டு நான்கு மணி நேரம் அப்படியே இருந்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம், ஃப்ளாஷில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

ரிசப்ஷன் முடிந்த ராத்திரி களைப்பில் அப்படியே படுக்காதீர்கள். முகத்துக்கு எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். ஸ்ப்ரே இறுகிய தலையில் சீப்பைப் போடாமல், பின்களை எண்ணி எடுத்த பிறகு கண்டிஷனரைத் தடவி ஊறவிட்டு, நுனியிலிருந்து மேலே விரலால் சிக்கெடுங்கள்.