கினிப்பன்றிக் குட்டியைத் தண்ணீர் குடிக்கப் பழக்குவது

கடுகு, சுக்கு என்ற இரண்டு கினிப்பன்றிக் குட்டிகள் என்னிடம் வந்தபோது அவற்றுக்கு ஐந்து வாரம். அக்காவும் தங்கையும். கடுகு 280 கிராம், சுக்கு 310 கிராம். கூண்டில் புதிய தண்ணீர் பாட்டிலை (குழாயின் நுனியில் உருளும் சிறு குண்டை நக்கினால் நீர் வரும் வகை) மாட்டி நிரப்பிவிட்டு, என் வேலை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் பாட்டிலில் வைத்த தண்ணீர் வைத்தபடியே இருந்தது. புழுக்கைகள் சிறுத்து, உலர்ந்து கிடந்தன. குட்டிகளை வளர்த்தவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "கிண்ணத்தில்தான் குடித்துப் பழகியிருக்கின்றன" என்றார். உடனே தட்டையான ஒரு பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். சுக்கு ஓடி வந்து தலை நிமிராமல் குடித்ததை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது. ஓர் இரவு முழுவதும் தண்ணீருக்குப் பக்கத்திலேயே தாகத்தோடு இருந்திருக்கிறது.

ஆகவே புதுக் குட்டி வீட்டுக்கு வருவதற்கு முன்பே, அது எதில் குடித்துப் பழகியது என்று கேளுங்கள். தெரியாவிட்டால் பாட்டில், கிண்ணம் இரண்டையும் வையுங்கள். கினிப்பன்றிகள் பழக்கத்தை எளிதில் விடுவதில்லை. சிறு வயதில் கண்ட உணவையும் பாத்திரத்தையுமே தேடும். வீட்டிலேயே குட்டி போட்டிருந்தால் வேலை சுலபம். பிறக்கும்போதே கண் திறந்து, பல்லோடு வரும் உயிர் இது. மூன்று வாரம் வரை தாய்ப்பால் தேவைப்பட்டாலும், முதல் சில நாட்களிலேயே தாயைப் பார்த்துப் புல்லைக் கொறிக்கவும் தண்ணீரை நக்கவும் தொடங்கிவிடும். அப்போதே இரண்டு வகையிலும் தண்ணீர் வைத்துவிட்டால் பின்னால் பழக்க வேண்டியதே இல்லை.

கிண்ணம் கனமானதாக, கவிழாததாக இருக்க வேண்டும். குட்டி உள்ளே விழுந்தாலும் நனைந்து குளிரில் நடுங்காத அளவுக்கு ஆழம் குறைவாக இருக்கட்டும். புல்லும் புழுக்கையும் விழுந்துகொண்டே இருக்கும் என்பதால் ஒரு நாளில் பல முறை தண்ணீரை மாற்ற வேண்டியிருக்கும்.

பாட்டிலுக்குப் பழக்குவதற்குப் பொறுமை வேண்டும். குழாயின் நுனி குட்டியின் வாய்க்குச் சற்று மேலே, முகவாயைத் தூக்கினால் எட்டும் உயரத்தில் இருக்கட்டும். வளர்ந்த கினிப்பன்றிக்கு மாட்டிய உயரத்திலேயே விட்டுவிடாதீர்கள். குட்டி பக்கத்தில் வரும்போது நுனியிலுள்ள குண்டை விரலால் தட்டி ஒரு சொட்டு நீரைத் தொங்கவிடுங்கள். நான் நுனியில் வெள்ளரிச் சாற்றைத் தடவினேன். சுக்கு முதலில் அதை நக்கியது, குண்டு உருண்டது, நீர் வந்தது. புரிந்துகொண்டது. முகத்தைப் பிடித்துக் குழாயில் அழுத்த மட்டும் வேண்டாம். ஒருமுறை பயந்தால் அந்த மூலைக்கே வராது. பாட்டிலில் குடிப்பதைப் பல நாள் கண்ணால் பார்க்கும்வரை கிண்ணத்தை எடுக்கக் கூடாது.

கண்ணால் பார்ப்பது என்று நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. நான்காம் நாள் பாட்டிலில் 40 மில்லி குறைந்திருந்ததைக் கண்டு மகிழ்ந்தேன். கீழே கை வைத்தால் விரிப்பு சொதசொதவென்று இருந்தது. அத்தனையும் ஒழுகிய நீர்! அதன் பிறகு குழாயின் அடியில் ஒரு சிறு மூடியை வைத்து, சொட்டியதைக் கழித்துக் கணக்குப் பார்த்தேன். உடல் எடையில் 100 கிராமுக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 மில்லி என்பது பொதுவான அளவு. ஈரமான கீரைகள் தின்றால் குடிப்பது குறையும், அதில் தவறில்லை. இலைகளைக் கழுவி, நீரை உதறாமல் அப்படியே கொடுப்பது நல்ல வழி. ஆனால் பழகாத குட்டிக்கு ஒரே நாளில் அள்ளிப் போட்டால் வயிற்றுப்போக்கு வரும், உடலில் இருக்கும் நீரும் போய்விடும். கொஞ்சமாகத் தொடங்குங்கள்.

பாட்டிலைத் தினமும் கழுவுங்கள். வாயில் மென்ற உணவோடு குடிக்கும் வழக்கம் இவற்றுக்கு உண்டு. துணுக்குகள் குழாய்க்குள் ஏறி அடைத்துக்கொள்ளும். மெல்லிய தூரிகையால் குழாயைத் தேய்த்து, மாட்டியதும் குண்டைத் தட்டிப் பாருங்கள். வைட்டமின் சி மருந்தைத் தண்ணீரில் கலக்காதீர்கள். கினிப்பன்றிக்கு அந்தச் சத்து அவசியம்தான், ஆனால் நீரில் அது விரைவில் வீரியம் இழக்கும். சுவை மாறினால் குட்டி குடிப்பதையே நிறுத்தலாம்.

தினமும் காலையில் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். வளரும் குட்டியின் எடை ஏற வேண்டும். ஈறு பிசுபிசுப்பாக உலர்ந்திருப்பது, தோள்மேல் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் நிற்பது, கண் உள்வாங்கியிருப்பது, மயிர் சிலிர்த்து மூலையில் ஒடுங்குவது ஆகிய எதைக் கண்டாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தீனியும் தொடவில்லையென்றால் மறுநாள்வரை காத்திருப்பது ஆபத்து, குடலின் இயக்கமே நின்றுபோகலாம். தாயை இழந்த பச்சைக் குட்டிக்கும் முதல் நாளே மருத்துவரின் ஆலோசனை வேண்டும்.

மருத்துவர் சிரிஞ்சில் கொடுக்கச் சொன்னால், ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சு போதும். குட்டியை மல்லாத்தாமல், நான்கு காலும் ஊன்றிய நிலையில் துண்டால் அணைத்துக்கொள்ளுங்கள். முன்பற்களுக்குப் பின்னால், வாயின் பக்கவாட்டிலிருந்து ஓரிரு சொட்டாக விட்டு, விழுங்கிய பிறகே அடுத்ததை விடுங்கள். அவசரப்பட்டால் நீர் நுரையீரலுக்குள் போய்விடும்.

சுக்கு ஒன்பதாம் நாள் முதல் பாட்டிலில் குடிக்கிறது. கடுகு அதன் பக்கமே போகவில்லை. அதற்காக அந்தப் பீங்கான் கிண்ணம் இன்றும் கூண்டின் மூலையில் இருக்கிறது.