செஸ்னா 172 சுவிட்ச் பலகைக்கு முதல் ஒயரிங்: சாரல் ஊரிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் பலரும், சில மாதங்களிலேயே விசைப்பலகையைத் தட்டி லேண்டிங் லைட் போடுவதில் சலிப்படைந்து, கையால் தொட்டு இயக்கும்படியான ஒரு சுவிட்ச் பலகை வேண்டும் என்று நினைக்கத் தொடங்குகிறார்கள். செங்கோட்டையில் என் வீட்டு மாடியறையில் அப்படியொரு பலகையை இரண்டு முறை செய்திருக்கிறேன். முதலாவது பழுதாகிப் போனதால்தான் இரண்டாவதைச் செய்ய நேர்ந்தது. சால்டரிங் இரும்பை முன்பின் பிடித்திராதவரும் செய்யக்கூடிய வேலை இது. பொறுமையும் ஒரு மல்டிமீட்டரும் கட்டாயம் வேண்டும்.

படி 1: தாளில் வரைதல்

எடுத்துக்காட்டாக செஸ்னா 172எஸ் விமானத்தை வைத்துக்கொள்வோம். ஆல்டர்னேட்டர், பேட்டரி ஆகிய இரண்டு மாஸ்டர் சுவிட்சுகள், வானொலி, வழிகாட்டிக் கருவிகளுக்கு மின்சாரம் தரும் ஏவியானிக்ஸ் பஸ் 1, பஸ் 2, எரிபொருள் பம்ப், பீக்கன், லேண்டிங், டாக்ஸி, நேவிகேஷன், ஸ்ட்ரோப் விளக்குகள், வேகம் அளக்கும் குழாயைச் சூடாக்கும் பிட்டோ ஹீட் என்று மொத்தம் 11 சுவிட்சுகள் உண்டு. இவற்றோடு ஆஃப், வலது, இடது, இரண்டும், ஸ்டார்ட் என 5 நிலைகள் கொண்ட இக்னிஷன் சாவியும் உண்டு. உண்மை விமானத்தில் இருப்பவை அழுத்திச் சாய்க்கும் ராக்கர் வகைச் சுவிட்சுகள். எளிதில் கிடைப்பதால் நாம் சிறிய டாகிள் சுவிட்சுகளைப் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஓர் எண் கொடுத்து, அது கணினியோடு இணைக்கும் மின்னணு போர்டின் எந்தப் பின்னுக்கு (இணைப்பு முனைக்கு) போகிறது என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பலகையை மூடிய பிறகு வரும் எந்தச் சிக்கலுக்கும் அந்தத் தாளில்தான் விடை இருக்கும்.

படி 2: பொருள்கள்

சுவிட்சுகளின் நிலையைப் படித்துக் கணினிக்குச் சொல்லும் அர்டுயினோ மெகா 2560 போர்டு ஒன்று. அதில் 54 டிஜிட்டல் பின்களும் 16 அனலாக் பின்களும் இருப்பதால், சுவிட்சுகளைக் கட்டம்போட்டு இணைக்கும் மேட்ரிக்ஸ் முறைக்கோ, அதற்கு வேண்டிய டயோடுகளுக்கோ தொடக்கநிலையில் தேவையே எழாது. மூன்று கால் டாகிள் 11, ஐந்து நிலை ரோட்டரி சுவிட்ச் 1, மெகாவின் மேல் பொருத்தும் ஸ்க்ரூ டெர்மினல் ஷீல்டு 1, 25 வாட் சால்டரிங் இரும்பு, 63/37 ஈயக்கம்பி, இணைப்பை மூட, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஆகியவை வேண்டும். பலகைக்கு, விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் மிஞ்சும் 3 மில்லிமீட்டர் ஏசிபி (அலுமினியக் கலப்புத் தகடு) ஷீட் துண்டு மிகவும் ஏற்றது. சிறிய டாகிள் சுவிட்சுக்கு 6 மில்லிமீட்டர் துளை போதும்.

கடையில் கேட்கும்போது பயன்பாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. நான் முதன்முறை சென்றபோது எலக்ட்ரிக்கல் கடை அண்ணாச்சி வீட்டுக்குப் போடும் 6 ஆம்பியர் சுவிட்சுகளை எடுத்து வைத்தார். “அண்ணாச்சி, இது கரண்ட் லைனுக்கு இல்லை, வெறும் 5 வோல்ட்டுதான்” என்றதும் சின்ன டாகிளை எடுத்துக் கொடுத்துவிட்டு, “சாரல் காலத்துல இது சரியா ஒட்டாது தம்பி, பார்த்துக்கிடுங்க” என்றார். அந்தச் சொல்லின் அருமை எனக்கு அடுத்த ஆடியில்தான் புரிந்தது. அதைக் கீழே ஐந்தாம் படியில் விளக்குகிறேன்.

படி 3: சுவிட்சின் மேல் எது, கீழ் எது

தொடங்குபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. நம் வீட்டுச் சுவரில் சுவிட்சைக் கீழே தள்ளினால் விளக்கு எரியும். செஸ்னாவில் மேலே இருந்தால்தான் ஆன். கை பழகிய திசைக்கு எதிர்த்திசை என்பதால், பொருத்தும்போதே இதை மனத்தில் நிறுத்த வேண்டும்.

சுவிட்சைத் திருப்பி அதன் மூன்று கால்களையும் பாருங்கள். நடுவில் இருப்பது பொதுக்கால். குமிழை மேலே தள்ளினால் நடுக்கால் மேல்காலோடு சேரும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் உள்ளே இருக்கும் சிறு தகடு துலாக்கட்டைபோல நடுவில் தாங்கி அசைவதால், குமிழ் மேலே போகும்போது நடுக்காலும் கீழ்க்காலும்தான் சேர்கின்றன. எனவே மேலே ஆன் என்று வர வேண்டுமானால், நடுக்காலையும் கீழ்க்காலையும் பயன்படுத்துங்கள். ஒரே வகைச் சுவிட்சாக இருந்தாலும் ஒன்றையாவது மல்டிமீட்டரின் பீப் நிலையில் வைத்துச் சோதித்த பிறகே மற்றவற்றில் கைவையுங்கள்.

படி 4: கிரவுண்ட் கம்பி

மெகாவின் ஒவ்வொரு பின்னுக்கு உள்ளேயும் 20 முதல் 50 கிலோ ஓம் வரையிலான ஒரு தடை, அந்தப் பின்னை 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்கும்படி மென்பொருளால் இயக்கப்படுகிறது. சுவிட்சைப் போட்டதும் அந்தப் பின், கிரவுண்டோடு (போர்டின் பூஜ்ஜிய வோல்ட் முனையோடு) சேர்ந்து பூஜ்ஜியமாகிறது. அந்த மாற்றத்தைத்தான் போர்டு ‘சுவிட்ச் போடப்பட்டது’ என்று படிக்கிறது. ஆகவே ஒவ்வொரு சுவிட்சுக்கும் இரண்டே இணைப்புகள்: நடுக்கால் கிரவுண்டுக்கு, கீழ்க்கால் அதற்குரிய பின்னுக்கு.

பதினொரு நடுக்கால்களையும் ஒரே கறுப்புக் கம்பியால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சங்கிலியாக இணைக்கலாம். என் முதல் பலகையில் அப்படித்தான் செய்தேன். ஒரு நாள் மூன்றாவது சுவிட்சுக்கு அப்பால் இருந்த எட்டும் ஒரே நேரத்தில் செத்துவிட்டன. போர்டு கெட்டுவிட்டதாக எண்ணி இரண்டு மாலைகளை வீணாக்கினேன். மூன்றாவது சுவிட்சின் நடுக்காலில் ஈயம் கம்பியோடு ஒட்டாமல், அதன்மேல் சாம்பல் நிறத்தில் உருண்டையாக உட்கார்ந்திருந்ததே காரணம். காலும் கம்பியும் சூடாகும் முன்பே ஈயத்தை ஊற்றிய என் அவசரத்தால் நேர்ந்தது அது. இப்போது சங்கிலியின் கடைசி முனையையும் திரும்பக் கொண்டுவந்து கிரவுண்டிலேயே முடித்து, வளையமாக்கிவிடுகிறேன். நடுவே ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபக்கத்திலிருந்து இணைப்பு கிடைத்துவிடும். மெகாவின் இரட்டை வரிசைப் பின்களின் முனையில் இரண்டு கிரவுண்ட் துளைகள் இருப்பதால் இதற்குக் கூடுதல் செலவும் இல்லை.

சால்டர் செய்யும்போது இரும்பின் நுனியைக் காலிலும் கம்பியிலும் ஒருசேர வைத்து இரண்டு, மூன்று விநாடி சூடாக்கி, மறுபக்கத்திலிருந்து ஈயக்கம்பியைத் தொடுங்கள். ஈயம் தானே பாய்ந்து காலைத் தழுவி, பளபளப்பாகச் சரிவாக இறங்க வேண்டும். மொத்தம் ஐந்து விநாடியைத் தாண்டினால் சுவிட்சின் பிளாஸ்டிக் உடல் இளகி, கால் ஆடத் தொடங்கும்.

பின்னுக்குப் போகும் கம்பிகளுக்குப் பழைய லேன் கேபிள் போதும். அதில் எட்டு நிறங்கள் உள்ளதால் அடையாளம் காண்பது எளிது. அது ஒற்றைத் தடிக் கம்பி என்பதால் அசையாத பலகைக்கே பொருந்தும். கீல் வைத்துத் திறக்கும் பலகையாயின் பல இழைக் கம்பியே வேண்டும். 0, 1 எண் பின்களைத் தொடாதீர்கள். கணினியோடு பேசுவதற்கு போர்டு அவற்றைத்தான் பயன்படுத்துகிறது. 22 முதல் தொடங்குவது வசதி. இன்னொரு முக்கியமான செய்தி: இந்தப் பெட்டிக்குள் 230 வோல்ட் கம்பி எதுவும் நுழையவே கூடாது. பலகைக்கு விளக்கு வேண்டுமானால் 5 வோல்ட் எல்இடி போதும்.

படி 5: சாரலும் சுவிட்சின் தொடுமுனையும்

ஜூன் மாதம் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கிவிட்டால், புளியரையிலிருந்து தென்காசி வரை துணிகூட உலராது. அந்த ஈரத்தில் மலிவு விலைச் சுவிட்சின் வெள்ளிப் பூச்சுள்ள தொடுமுனைகளில் மெல்லிய படலம் படிகிறது. வீட்டுச் சுவிட்சில் போதிய மின்னோட்டம் பாய்வதால் அந்தப் படலம் தானே உடைந்துவிடும். நம் பலகையில் பாய்வதோ 5 வோல்ட்டை 20 முதல் 50 கிலோ ஓமால் வகுத்தால் வரும் 0.1 முதல் 0.25 மில்லி ஆம்பியர்தான். அது படலத்தை உடைக்கப் போதாது. சுவிட்ச் நன்றாக இருக்கும், கம்பி நன்றாக இருக்கும், ஆனால் பத்து முறை போட்டால் இரண்டு முறை வேலை செய்யாது. அண்ணாச்சி சொன்ன ‘ஒட்டாது’ இதுதான்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. தங்கப் பூச்சுள்ள தொடுமுனை கொண்ட, மூடி அடைக்கப்பட்ட சுவிட்சுகளை வாங்குவது முதலாவது. விலை கூடுதல். இரண்டாவது வழியையே நான் பரிந்துரைப்பேன்: ஒவ்வொரு பின்னுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை இணையுங்கள். சுவிட்ச் மூடும்போது 5 மில்லி ஆம்பியர் பாயும். பதினொன்றும் ஒரே நேரத்தில் ஆன் ஆனாலும் 55 மில்லி ஆம்பியர்தான் என்பதால் யுஎஸ்பி தாராளமாகத் தாங்கும். இதைச் செய்த பிறகு இரண்டு சாரல் பருவங்களைக் கடந்துவிட்டேன். ஒரு சுவிட்சும் ஏமாற்றவில்லை.

படி 6: இக்னிஷன் சாவி

ரோட்டரி சுவிட்சின் பொதுக்கால் கிரவுண்டுக்கு, ஐந்து நிலைகளும் ஐந்து பின்களுக்கு. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குத் திருப்பும்போது நடுவே ஒரு கணம் எதுவும் இணைந்திராது. எனவே ஏழாம் படியில் மென்பொருளில் கட்டளை அமைக்கும்போது, இதற்கு ‘விடுபடும்போது’ எந்தக் கட்டளையும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் சாவி திரும்பும் வழியிலேயே எஞ்சின் அணையக்கூடும். ஸ்டார்ட் நிலையிலிருந்து தானே திரும்பும் ஸ்பிரிங் இல்லாத சுவிட்சாக இருந்தால், அந்த நிலையை விட்டுவிட்டு ஒரு புஷ் பட்டனை வைத்துக்கொள்ளலாம்.

படி 7: மென்பொருள்

கம்பிகளைக் கணினியோடு சேர்ப்பதற்கு முன், ஒவ்வொரு பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து, மேலே பீப், கீழே அமைதி என்று பதினொன்றையும் தாளில் குறியிடுங்கள். அதே மீட்டரால் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே பீப் வரவில்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

பிறகு, போர்டை சிமுலேட்டரோடு இணைக்கும், இலவசமாகக் கிடைக்கும் மோபிஃபிளைட் மென்பொருளை நிறுவுங்கள். நிரல் எழுதத் தேவையில்லை. நகல் போர்டுகள் பலவற்றில் யுஎஸ்பி இணைப்புக்கு சிஎச்340 சில்லு இருக்கும். கணினி போர்டை அறியாவிட்டால் முதலில் அதன் டிரைவரைப் போட வேண்டும். மோபிஃபிளைட் தன் ஃபர்ம்வேரை (போர்டுக்குள் இயங்கும் நிரலை) மெகாவில் ஏற்றிய பிறகு, ஒவ்வொரு சுவிட்சையும் பட்டன் வகையாகச் சேர்த்து, தாளில் எழுதிய பின் எண்ணையும் பெயரையும் கொடுத்துப் பதிவேற்றுங்கள்.

கட்டளை தரும்போது ஒரு கவனம் தேவை. ‘லேண்டிங் லைட்டை மாற்று’ என்னும் டாகிள் கட்டளையைத் தவிர்த்து, அழுத்தும்போது ‘ஆன்’, விடுபடும்போது ‘ஆஃப்’ எனத் தனித்தனியாகக் கொடுங்கள். மாற்றும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, சிமுலேட்டரில் விளக்கு ஏற்கெனவே எரியும் நிலையில் தொடங்கினால், உங்கள் சுவிட்ச் மேலே போகும்போது விளக்கு அணையும். அந்தப் பயணம் முழுவதும் கையும் கண்ணும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

படி 8: முதல் சோதனை

சிமுலேட்டரில் திருவனந்தபுரம் விமான நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, இரவு நேரத்தில், எல்லாம் அணைந்த நிலையில் செஸ்னாவை நிறுத்துங்கள். உங்கள் பலகையிலும் அத்தனை சுவிட்சுகளும் கீழே இருக்க வேண்டும். முதலில் பேட்டரியை மேலே தள்ளுங்கள். அடுத்து பீக்கன், நேவிகேஷன் என்று இடமிருந்து வலமாக ஒவ்வொன்றையும் பத்து முறை போட்டு அணைத்து, திரையில் உள்ள சுவிட்ச் ஒவ்வொரு முறையும் உடன் அசைகிறதா என்று எண்ணிப் பாருங்கள். பத்தில் ஒன்று தவறினாலும் பலகையை மூடாமல், அந்தச் சுவிட்சின் இரண்டு சால்டர் இணைப்புகளையும் மீண்டும் சூடாக்கிவிட்டு, முதலிலிருந்து பத்து எண்ணுங்கள்.