வெயில் மேல் பழி போடும் முன்: கோடை நெடும்பயணத்தில் சைக்கிளோட்டிகள் செய்யும் தவறுகள்

கத்திரி வெயில் நாட்களில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக டியூப் வெடித்து நிற்பவரிடம் என்ன ஆயிற்று என்று கேட்டால், "வெயிலு சார், டியூப் தாங்கல" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டால் நிற்காது. 30 டிகிரியில் 80 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) அடித்த டயர் சாலையில் 50 டிகிரிக்குச் சூடானாலும் அழுத்தம் 86-ஐத்தான் தொடும். 100, 110 வரை தாங்கும் என்று பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் டயருக்கு இந்த ஆறு பி.எஸ்.ஐ. ஒரு பொருட்டே இல்லை. வெடித்ததற்கான காரணம் பெரும்பாலும் முந்தின நாள் வீட்டிலோ கடையிலோ நடந்திருக்கும்.

வெயிலுக்குப் பயந்து காற்றைக் குறைப்பது

"சூட்டில் காற்று விரியும், 15 குறைச்சு வைங்க" என்று யாராவது சொல்வார்கள். அப்படியே செய்தால், முதல் பள்ளத்தில் டயர் ரிம்மோடு நசுங்கி, நடுவில் மாட்டிய டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் விழும். பாம்பு கடித்த தடம் போல இருக்கும். அந்தத் தடத்தைப் பார்த்தால் முள்ளைத் தேடி நேரம் போக்க வேண்டாம். காற்று போதவில்லை, அவ்வளவுதான். 70 கிலோ எடையுள்ளவருக்குத் தோராயமாக 25 மி.மீ. டயரில் 80–85, 28-இல் 70–75, 35-இல் 50–55 வைக்கலாம். பின் டயரில் ஐந்து கூடுதலாக இருக்கட்டும். எடை கூடினால் காற்றும் கூடும். கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து 60-க்கும் 80-க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. அளவுமானி வைத்த பம்ப் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். கிளம்பும் நாள் காலையில் பார்க்க வேண்டும்.

உண்மையில் டியூப் "டமார்" என்று வெடிப்பது, மாட்டும்போது டயரின் விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையில் டியூப் சிக்கியதால்தான். மாட்டியவுடனேயே வெடிக்கும் என்றில்லை; இருபது கிலோமீட்டர் ஓடிய பிறகும் வெடிக்கும், அதனால்தான் பழி வெயிலுக்குப் போகிறது. டியூபை உள்ளே வைக்கும் முன் வட்டமாக நிற்கும் அளவுக்குக் கொஞ்சம் காற்று ஊதிக்கொள்ளுங்கள். டயரை வால்வுக்கு எதிர்ப்புறம் தொடங்கி, வால்வு இருக்கும் இடத்தில் முடியுங்கள். கடைசி ஒரு சாண் இறுக்கமாகத்தான் இருக்கும். அங்கே டயரை நெம்பும் லீவரை எடுத்தால் புதிய டியூபைக் கிழித்துவிடும். டயரின் விளிம்பைச் சுற்றிலும் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குத் தள்ளினால் தேவையான தளர்வு கிடைக்கும், கட்டை விரலே போதும். பிறகு வால்வை ஒருமுறை உள்ளே அழுத்தி விடுங்கள். 20 பி.எஸ்.ஐ. அடித்துச் சக்கரத்தைச் சுழற்றி, டயர் ஓரத்தில் உள்ள மெல்லிய கோடு ரிம்முக்கு மேல் எங்கும் ஒரே உயரத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் அமுங்கியோ பிதுங்கியோ இருந்தால் காற்றை இறக்கிவிட்டு மறுபடி உட்காரவையுங்கள்.

ஓட்டையை அடைத்து, காரணத்தை டயரிலேயே விட்டுவிடுவது

அடுத்தடுத்து மூன்று டியூப் போனவர்களின் கதை எல்லாம் ஒன்றுதான். லாரி டயரிலிருந்து உதிர்ந்த மெல்லிய எஃகு நரம்போ சீமைக்கருவேல முள்ளின் நுனியோ டயருக்குள் இன்னும் குத்திக்கொண்டே இருக்கும். டியூபை வெளியே எடுக்கும்போதே வால்வு டயரில் எந்த இடத்துக்கு நேராக இருந்தது என்று குறித்துக்கொண்டால், டியூபின் ஓட்டையை வைத்து டயரில் தேட வேண்டிய இடம் கிடைத்துவிடும். விரலை வேகமாக ஓட்டாதீர்கள், கிழித்துவிடும். ஒரு துணியை உள்ளே இழுத்துக்கொண்டே போனால் முள் அதில் மாட்டும்.

ஓட்டை டியூபின் உட்பக்கத்தில், அதாவது ரிம்மைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் முள் அதற்குப் பொறுப்பில்லை. ரிம்மின் உட்புறம் ஸ்போக் துளைகளை மூடும் ரிம் டேப் நகர்ந்து, ஸ்போக் துளையின் விளிம்பு அறுத்திருக்கிறது. டேப்பை மாற்றாமல் எத்தனை டியூப் போட்டாலும் அதே இடத்தில்தான் போகும்.

ஒட்டுவதில் நடக்கும் தவறு அவசரம். உப்புத்தாளால் பளபளப்பும், டியூபின் மேல் ஓடும் கோடும் மறையும்வரை தேய்க்க வேண்டும். சொல்யூஷனை ஒட்டுத்துண்டைவிட அகலமாக, மெல்லியதாகப் பூசி ஐந்து நிமிடம் காய விட வேண்டும். ஈரம் மின்னுகிறபோது ஒட்டினால் ஓரம் பிரியும். பசையில்லாமல் ஒட்டும் ஸ்டிக்கர் வகை, வீடு வந்து சேரத்தான். சூடான டயருக்குள் அது நாள்கணக்கில் நிற்காது. திறந்த சொல்யூஷன் டியூப் சில மாதங்களில் தானே காய்ந்துவிடும், கிளம்பும் முன் அமுக்கிப் பாருங்கள். டியூப்லெஸ் ஓட்டுபவர்களுக்கும் இதே விதி: டயருக்குள் ஊற்றி வைக்கும், ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட் நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரம் உறையும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் காதருகே குலுக்கி, திரவம் தளும்பும் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கவும்.

பஞ்சர் கடையை நம்பிப் போகிறவர்கள் வால்வைப் பார்ப்பதில்லை. கடைகளில் உள்ள கம்ப்ரஸர், மோட்டார் சைக்கிளின் ஷ்ரேடர் வால்வுக்கானது. ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கு அது பொருந்தாது. ஒரு சின்னப் பித்தளை அடாப்டரை வால்விலேயே திருகி வைத்துவிட்டால் மறக்கவும் முடியாது. டயரே கிழிந்துவிட்டால் பற்பசை டியூபிலிருந்து வெட்டிய ஒரு துண்டை உட்புறம் வைத்துக் காற்றைக் கொஞ்சம் குறைவாக அடித்தால் வீடு வரலாம்.

மலை இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வருவது

சூடு டியூபை வெடிக்கவைக்கும் இடம் உண்மையிலேயே ஒன்று உண்டு: கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற இறக்கங்கள். ரிம் பிரேக் வைத்த சைக்கிளில் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே இறங்கினால் அத்தனை வேகமும் சூடாக மாறி ரிம்மில் இறங்கும். பழைய ஒட்டு இளகும், டியூப் போகும், அதுவும் வளைவில். வளைவுக்கு முன் இரு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். நேர்ப்பாதையில் காற்று பட்டு ரிம் ஆறும். விரல் வலித்தால் நின்று ஓய்வெடுக்கலாம். ரிம்மைத் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

டிஸ்க் பிரேக்கில் தவறு வேறு விதம். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது ஒரு துளி டிஸ்க்கில் தெறித்தால் போதும், பிரேக் கத்தும், பிடிக்காது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் டிஸ்க்கைத் துடைக்கலாம். டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பேடில் எண்ணெய் ஊறியிருந்தால் அதை மாற்றுவதே நல்லது. பேடின் தேயும் பொருள் அரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் பயணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது ஹைட்ராலிக் பிரேக் லீவரை அமுக்கவே கூடாது. பேடுகள் ஒட்டிக்கொள்ளும், டிஸ்க் உள்ளே நுழையாது. காரில் ஏற்றும்போது இடையில் ஒரு மடித்த அட்டை வையுங்கள்.

செயினுக்குக் கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றுவது

என்ஜின் ஆயில், தேங்காய் எண்ணெய், கிரீஸ் மூன்றும் நம் ஊரில் செயினில் ஏறுகின்றன. கடற்கரைச் சாலை மணலோடு சேர்ந்தால் மூன்றும் அரைக்கும் விழுதாகிவிடும். தையல் மிஷின் எண்ணெய் இதற்கு நேர் எதிர். ஒரே ஓட்டத்தில் காணாமல் போகும். டபிள்யூ.டி.-40 நீல டப்பா கழுவத்தான் உதவும், அது மட்டும் போட்டு நூறு கிலோமீட்டர் போனால் செயின் கீச்சிடும்.

நல்ல எண்ணெயையும் தவறாகப் போடலாம். எண்ணெய்க்கு வேலை செயினின் உருளைக்குள்ளே. வெளியே இருப்பது தூசி பிடிக்கத்தான். பழைய அழுக்கைத் துணியால் எடுத்துவிட்டு, ஒவ்வொரு கண்ணியின் மேலும் ஒரே துளி விட்டு, பெடலைப் பின்னோக்கி ஒரு நிமிடம் சுற்றி, இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் வெளிப்புறத்தை அழுந்தத் துடையுங்கள். வாசலில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு எண்ணெய் விடுவதில் பயன் குறைவு.

தேய்மானம் பார்க்க 12 அங்குல ஸ்கேல் போதும். செயினை இழுத்துப் பிடித்து ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், 24-ஆவது பின் சரியாக 12 அங்குலத்தில், அதாவது 304.8 மி.மீ.இல் விழ வேண்டும். 11, 12 ஸ்பீடில் (பின்னால் 11, 12 பல்சக்கரம் உள்ளவை) ஒன்றரை மி.மீ. தள்ளினால் மாற்ற வேண்டும். 8 முதல் 10 ஸ்பீடு வரை இரண்டேகால் மி.மீ. வரை பொறுக்கலாம். மூன்று மி.மீ. தாண்டியிருந்தால் கேசட்டும் (பின் பல்சக்கரத் தொகுதி) செயினோடு சேர்ந்து தேய்ந்திருக்கும், புதுச் செயின் போட்டால் வழுக்கும்.

கியர் சரியில்லை என்றதும் திருகாணியைத் திருப்புவது

புது கேபிள் போட்ட சில நாட்களில் கியர் தயங்குவது இயல்பு. அதற்கு மருந்து, செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பின் டீரெய்லரில் கேபிள் நுழையும் இடத்தில் உள்ள பேரல் அட்ஜஸ்டர். பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் இடஞ்சுழியாகக் கால் சுற்று; சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் வலஞ்சுழியாகக் கால் சுற்று. ஒவ்வொரு கால் சுற்றுக்கும் பெடல் சுற்றிப் பார்க்க வேண்டும். எச், எல் என்று எழுதிய திருகாணிகள் எல்லை வைப்பவை, கியர் தயக்கத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. எல் திருகாணி தளர்ந்தால் டீரெய்லர் ஸ்போக்குக்குள் போய் சக்கரத்தையும் தின்றுவிடும். பேருந்தின் அடியில் சைக்கிளை வலப்பக்கம் படுக்கவைத்தவருக்கு எந்தத் திருகாணியும் உதவாது. டீரெய்லர் தொங்கும் ஹேங்கர் வளைந்திருக்கும், அதை நிமிர்த்தவோ மாற்றவோ வேண்டும்.

சைக்கிளை வாட்டர் சர்வீஸ் கடையில் விடாதீர்கள். மோட்டார் சைக்கிளுக்கான அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஹப், பெடல் அச்சு, ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள ஹெட்செட் பேரிங்குகளுக்குள் புகுந்து கிரீஸைக் கரைத்தெடுத்துவிடும். வாளி, சோப்பு, பழைய பிரஷ், மேலிருந்து ஊற்றும் குவளை நீர் இவை போதும். ஒவ்வொரு வெயில் ஓட்டத்துக்கும் பிறகு ஹேண்டில்பார், அதைத் தாங்கும் ஸ்டெம் ஆகியவற்றின் திருகாணிகளை ஈரத்துணியால் துடையுங்கள். வியர்வையின் உப்பு அங்கேதான் சொட்டுகிறது, தலை துருப்பிடித்த ஆலன் போல்ட் தேவைப்படும் நாளில் கழலாது.

பெடல் கழற்றும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழ், வழக்கம்போல இடஞ்சுழியாகத் திருப்பினால் இன்னும் இறுகும். சீட் உயரத்தைப் பயணத்துக்கு முந்தின நாள் மாற்றுவதும் வேண்டாம். முட்டியின் முன்புறம் வலித்தால் சீட் பெரும்பாலும் தாழ்வு, பின்புறம் வலித்தால் உயரம். மூன்று மி.மீ. மாற்றி, இரண்டு சின்ன ஓட்டம் போய்ப் பார்த்துவிட்டு அடுத்த மூன்று.

உடம்பில் நடக்கும் தவறு

திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்வர தொண்ணூறு கிலோமீட்டரை ஒட்டி வரும். சென்னையில் மே மாதச் சூரியன் காலை 5:45-க்கே வந்துவிடுகிறது. ஆறரைக்குக் கிளம்பினால் திரும்பும் பாதி நேரம் நிழலே இல்லாத சாலையில்தான். விளக்கு வைத்துக்கொண்டு நாலரைக்குக் கிளம்புங்கள். போகும்போது கிடைத்த வேகத்தை வைத்துத் திரும்பும் நேரத்தைக் கணிக்காதீர்கள், காற்று எந்தப் பக்கமும் திரும்பும். பிரெவே எனும், நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டத்தில் 200 கி.மீ.க்கே 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள், நிற்பதையும் சேர்த்து மணிக்குப் பதினைந்துக்குக் கீழ்தான் ஆகிறது. முதல் ஐம்பதை முப்பது வேகத்தில் ஓட்டிவிட்டுக் கோவளத்தில் வாடி நிற்க வேண்டாம்.

தண்ணீர் மட்டும் குடிப்பது பெரிய தவறு. ஒரு லிட்டர் வியர்வையில் ஏறத்தாழ அரை கிராமிலிருந்து ஒன்றரை கிராம் வரை சோடியம் போகிறது. வெறும் நீரை லிட்டர் கணக்கில் ஊற்றினால் ரத்தத்தில் மிச்சமுள்ள சோடியமும் நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல், மோசமானால் குழப்பம். இளநீர் குடித்தால் போதும் என்பது பாதி உண்மை; அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. உப்புப் போட்ட மோர் இன்னும் நன்றாக வேலை செய்யும். ஓ.ஆர்.எஸ். பொடியின் பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு; ஒரு டம்ளரில் முழுப் பாக்கெட்டையும் கரைப்பவர் உப்பைக் கூட்டிவிடுகிறார். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

எவ்வளவு குடிப்பது என்று அடுத்தவரைக் கேட்காதீர்கள், எடை இயந்திரத்தைக் கேளுங்கள். ஒரு மணிநேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் உடம்பைத் துடைத்து, குறைந்த ஆடையில் நிறுங்கள். குறைந்த கிலோவோடு குடித்த லிட்டரைக் கூட்டினால் உங்கள் ஒரு மணி வியர்வை. பலருக்கு அது முக்கால் லிட்டரிலிருந்து ஒன்றேகால் வரை வரும். எடை ஏறியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். உணவு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு பச்சை வாழைப்பழம் 25 கிராமை ஒட்டித் தரும். பசித்த பிறகு தின்றால் தாமதம்.

வெயிலைக் குற்றம் சொல்ல வேண்டிய இடம் இதுதான். கூட வருபவர் பேச்சுக் குழறினாலோ, கேட்டதற்குப் பொருந்தாத பதில் சொன்னாலோ, நேராக ஓட்ட முடியாமல் தள்ளாடினாலோ, வியர்த்துக்கொண்டிருந்தாலும் அது வெப்பவாதமாக இருக்கலாம். "கொஞ்சம் உட்கார்ந்தா சரியாயிடும்" என்று காத்திருக்கக் கூடாது. 108-க்கு ஒருவர் அழைக்கட்டும். அதற்குள் நிழலுக்கு நகர்த்தி, ஹெல்மெட்டையும் ஜெர்சியையும் கழற்றி, பாட்டிலில் உள்ள தண்ணீர் முழுவதையும் உடம்பில் ஊற்றி விசிறுங்கள். பக்கத்துக் கடையில் ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டாம்.