மாசக்கணக்கில் நின்ற கார் கிளம்பவில்லையா? சாவியைத் திருப்பும் முன் பார்க்க வேண்டியவை

வேலூர், குடியாத்தம் பக்கத்துப் பட்டாளத்து வீடுகளில் இது வழக்கம். ஆள் எல்லையில் இருப்பார், கார் ஷெட்டில் இருக்கும். எட்டு மாதம் கழித்து லீவில் வந்தவர் குடும்பத்தோடு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதற்கப்புறம் விடாமல் இருபது தடவை திருப்பிப் பார்ப்பார்கள் பாருங்கள், சின்னக் கோளாறு பெரிய செலவாவது அங்கேதான்.

சாவியைத் தொடாமல் முதலில் பானெட்டைத் திறங்கள். அறுவடை முடிந்தால் வயல் எலிக்குப் போக்கிடம் நிற்கிற கார்தான். இன்ஜின் மேல் வைக்கோலோ பஞ்சோ கிடந்தால் ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். கடிபட்ட இடத்தில் செம்பு மினுக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள், எலி கூடு கட்ட ரொம்பப் பிடித்த இடம் அது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை (டிப்ஸ்டிக்) உருவும்போது ஆயில் பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. செல்ஃப் அடிக்கவே கூடாது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்ட மாதிரி ஒரு வெள்ளத்தில் நின்ற வண்டிக்கும் இதே விதிதான். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, பிஸ்டன் முட்டி கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தால், சந்தேகம் முதலில் பேட்டரி மேல். பூட்டி நிற்கிற காரிலும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-ஹவர் (Ah). சின்ன காரின் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஏழு வாரத்தில் காலி. சூட்டில் பேட்டரி தானாகவும் வேகமாக இறங்கும். நம்ம ஊர் மே மாதத்தில் தகர ஷெட்டுக்குள் நின்ற பேட்டரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து அளந்து பாருங்கள். 12.6 காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 11.8க்குக் கீழே போனால் காலி. காலியான பேட்டரியைக் கழற்றி 3 அல்லது 4 ஆம்பியரில் 10, 12 மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டும். மூடி திறக்கிற வகை என்றால் அதற்கு முன் தகடு மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள், குடிக்கிற கேன் தண்ணீர் ஆகாது. ஏற்றி முடித்து ஒரு ராத்திரி வைத்த பிறகும் 10.5 வோல்ட்டிலேயே நின்றால், ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது. வேறு பேட்டரிதான்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூ பூத்திருந்தால் 10 நம்பர் ஸ்பேனரால் முதலில் மைனஸ், பிறகு பிளஸ் கழற்றுங்கள். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரையும். துடைத்து, காயவைத்து, மாட்டும்போது முதலில் பிளஸ். மேலே கொஞ்சம் வாஸ்லைன்.

பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்பர் போடுவதானால் சிவப்பு ஒயர் பிளஸுக்கு பிளஸ். கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸில். மறு முனை கிளம்பாத காரின் இன்ஜின் இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி. சார்ஜ் ஏறும்போது கிளம்பும் வாயு பொறி பட்டால் வெடிக்கும், அதனால்தான். தெருமுனையில் லாரி நிற்கிறதே என்று அதில் கொடுத்துவிடாதீர்கள், அது 24 வோல்ட்.

இப்போது சாவியைத் திருப்பிக் காதைக் கொடுங்கள். 'டிக் டிக் டிக்' என்று வேகமாக அடித்தால் இன்னும் சார்ஜ் போதவில்லை, அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு கனத்த 'டக்' மட்டும் வந்து, பேட்டரியும் நன்றாக இருந்தால் கோளாறு செல்ஃப் மோட்டாரிலோ எர்த் ஒயரிலோ. அல்லது இன்ஜினே இறுகியிருக்கும். அதை உறுதி செய்ய ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்கு ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு மணி நேரம் கழித்து, கிராங்க் புல்லி (இன்ஜின் ஓரத்தில் பெல்ட் ஓடும் அடிச் சக்கரம்) நடு போல்ட்டில் ஸ்பேனர் போட்டு இன்ஜின் சுற்றுகிற திசையில் கையால் திருப்புங்கள். சுற்றினால் தப்பித்தீர்கள். சுற்றாவிட்டால் மெக்கானிக் வரட்டும், பைப்பை மாட்டி நெம்ப வேண்டாம்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் கதை பெட்ரோல் பக்கம் போகிறது. சாவியை ஆனில் வைத்ததும் பின்சீட் பக்கம் இரண்டு விநாடி 'ம்ம்' என்று பம்ப் முனக வேண்டும். முனகாவிட்டால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே. இரண்டும் சரியென்றால் ஒருவர் சாவியை ஆன் செய்யும் நேரத்தில் டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள், ஒட்டிக்கொண்ட பம்ப் சில சமயம் விடும். பம்ப் ஓடியும் பிடிக்காவிட்டால் டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வார்னிஷ் மாதிரி புளித்த நெடி வந்தால் பெட்ரோல் கெட்டுவிட்டது. இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு பிரிந்து அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். மேலே புதுசு ஊற்றிச் சமாளிக்காமல் பழையதை முழுக்க இறக்கிவிடுவதே நல்லது.

ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். நடுவில் ஒரு நிமிடமாவது விடுங்கள். பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் துடைத்துக் காயவைத்து மாட்டி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி அடித்துப் பாருங்கள். இன்ஜெக்‌ஷன் கார்களில் பெரும்பாலும் அப்போது பெட்ரோல் வருவது நின்று காற்று மட்டும் போகும். டாஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ மினுக்கிக்கொண்டே இருந்தால் கார் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. ஸ்பேர் சாவியால் முயலுங்கள். டீசல் வண்டி என்றால் ஃபில்டர் மேலுள்ள ஹேண்ட் பம்பைக் கல் மாதிரி இறுகும்வரை அழுத்திக் காற்றை எடுத்துவிட்டு, டாஷ்போர்டில் ஹீட்டர் விளக்கு அணைந்த பிறகு செல்ஃப் அடியுங்கள்.

இன்ஜின் ஓடுகிறது, ஆனால் கார் நகரவில்லை. ஹேண்ட் பிரேக் போட்டே நிறுத்தியிருப்பீர்கள், பின் டிரம்மில் ஷூ துருவோடு ஒட்டியிருக்கும். ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தால் 'டப்' என்று விடும். விடாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைச் சுற்றித் தட்ட வேண்டும். அடுத்த தடவை ஊருக்குக் கிளம்பும்போது கியரில் போட்டு, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்து, பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுப் போங்கள்.