கர்ப்ப காலத்தில் கொரோனா: ஸ்கேன் விஷயத்தில் செய்யக்கூடாத தவறுகள்

கொரோனா பாசிட்டிவ் என்று தெரிந்த மறுநாளே ஸ்கேன் சென்டருக்கு ஓடுவதுதான் முதல் தவறு. வீட்டிலுள்ளவர்களின் பதற்றம் புரிகிறது. ஆனால் அன்றைக்கு எடுக்கிற ஸ்கேனில் கொரோனாவைப் பற்றி ஒன்றும் தெரியப்போவதில்லை. குழந்தையின் வளர்ச்சி தடைபட்டால்கூட அது அளவில் தெரிய நாளாகும்.

ரிப்போர்ட்டில் உள்ள எடை தராசில் நிறுத்த எடை அல்ல. தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் இவற்றை வைத்து மெஷின் போடும் கணக்கு. அதில் 10 முதல் 15 சதவீதம் வரை கூடக்குறைய இருக்கும். 1,800 கிராம் என்று வந்தால் உண்மையில் 1,550 ஆகவும் இருக்கலாம், 2,050 ஆகவும் இருக்கலாம். இது தெரியாமல், திங்கட்கிழமை ஒரு சென்டரில் 1,850, சனிக்கிழமை இன்னொரு சென்டரில் 1,800 என்று வந்ததும், “அஞ்சு நாள்ல அம்பது கிராம் குறைஞ்சிடுச்சு, எல்லாம் கொரோனாவாலதான்” என்று வீடே இடிந்து உட்கார்ந்துவிடுகிறது. குறையவெல்லாம் இல்லை. அளந்த கை வேறு, மெஷின் வேறு, அவ்வளவுதான்.

வளர்ச்சியை ஒப்பிட இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவே குறைந்தது இரண்டு வாரம் போக வேண்டும். மூன்று வாரம் என்றால் இன்னும் நல்லது, முடிந்தால் அதே சென்டரில். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குக் கொரோனா கடுமையாக இருந்தவர்களுக்கு, குணமாகி 14 நாள் கழித்து வளர்ச்சி ஸ்கேன் எடுக்கலாம் என்று பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி வழிகாட்டியது. சாதாரண சளி, காய்ச்சலோடு போனவர்களுக்கு வழக்கமான ஸ்கேன் அட்டவணையே போதும்.

“குழந்தைக்குக் குறை ஏதும் வந்திருக்குமோ?”

ரூபெல்லா, ஜிகா வைரஸ்கள் கருவில் இன்னின்ன குறைகளை உண்டாக்கும் என்பது தெரிந்த விஷயம். அதனால் கொரோனாவும் அப்படித்தான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கொரோனாவுக்கென்று அப்படி ஓர் உறுப்புக் குறைபாடு கண்டறியப்படவில்லை. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவுவதும் அரிது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022-ஆம் ஆண்டுக் கணக்கில், தொற்றுள்ள தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளில் பாசிட்டிவ் ஆனவை சுமார் 1.8 சதவீதம். ஐந்தாம் மாத ஸ்கேனில் சிறுநீரகத்தில் லேசான விரிவு, குடல் சற்று வெண்மையாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தால், அதெல்லாம் கொரோனாவே வராத கர்ப்பங்களிலும் பார்ப்பதுதான். டாக்டர் சொல்லாமல் முடிச்சுப் போட வேண்டாம்.

முதல் மூன்று மாதத்தில் கவலைப்பட வேண்டியது காய்ச்சலைப் பற்றித்தான். “மாத்திரை குழந்தைக்கு ஆகாது” என்று 102 டிகிரி காய்ச்சலை இரவு முழுக்கப் பொறுத்துக்கொள்வது பெரிய தவறு. அந்த மாதங்களில் விடாத கடும் காய்ச்சலே கருவின் மூளை, தண்டுவட வளர்ச்சிக்கு நல்லதல்ல. பாராசிட்டமால் போடலாம், எவ்வளவு, எத்தனை வேளை என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாராசிட்டமாலுக்குப் பதில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய வேறு வலி மாத்திரை போடுவது அடுத்த தவறு. இப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை 20 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்து, பனிக்குட நீரைக் குறைக்கும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 அக்டோபரில் எச்சரித்தது. பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தானே. ஸ்கேனில் “தண்ணி கம்மி” என்று வந்தால் பழி கொரோனாமேல் விழும். பத்து நாளாகப் போட்ட மாத்திரையை யாரும் நினைவுபடுத்திச் சொல்வதில்லை. ரிப்போர்ட்டோடு மாத்திரை அட்டையையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

“ஸ்கேன் நார்மல், இனி பயமில்லை”

எல்லாத் தவறுகளிலும் ஆபத்தானது இதுதான்.

கொரோனா குழந்தைக்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல் நஞ்சுக்கொடி (பிளசென்டா) வழியாக வருகிறது. நஞ்சுக்கொடிக்குள் தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் கலப்பதில்லை. குழந்தையின் ரத்தக் குழாய்கள் ஓடும் மெல்லிய இழைகளைச் சுற்றியுள்ள இடைவெளியில் தாயின் ரத்தம் பாயும். அங்கேதான் ஆக்சிஜன் கைமாறுகிறது. அபூர்வமாகச் சிலருக்கு வைரஸ் அந்த இழைகளின் மேற்பரப்பைத் தாக்குகிறது. மேல்படலச் செல்கள் செத்துப்போகின்றன. இடைவெளி முழுவதும் ஃபைப்ரின் என்ற, ரத்தத்தை உறையவைக்கும் புரதம் படிந்து இறுகிவிடுகிறது. 2021 தொடக்கத்தில் அயர்லாந்தில் சில குழந்தைகள் அடுத்தடுத்து வயிற்றிலேயே இறந்தபோது, நஞ்சுக்கொடியைச் சோதித்த நோயியல் மருத்துவர்கள் கண்டது இதைத்தான். பிறகு 12 நாடுகளிலிருந்து இப்படி இழந்த 68 குழந்தைகளின் நஞ்சுக்கொடிகளை ஆராய்ந்ததில், சராசரியாக 77.7 சதவீதப் பகுதி கெட்டுப்போயிருந்தது. அந்தத் தாய்மாரில் ஒருவரும் தடுப்பூசி போட்டிருக்கவில்லை.

இந்தச் சேதம் சில நாட்களிலேயே நடந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். குழந்தை இளைக்க அதற்குள் நேரமில்லை, அதனால் எடை சரியாகவே இருக்கும். தொப்புள்கொடியின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன்கூட இயல்பாக வந்துவிட முடியும். சிலருக்கு நஞ்சுக்கொடி தடித்து, திட்டுத்திட்டாகத் தெரியும்; எல்லோருக்கும் தெரியாது. ஆக, போன வாரத்து நல்ல ரிப்போர்ட் இந்த வாரத்துக்குச் செல்லாது.

முதலில் தெரிவது பெரும்பாலும் அசைவுக் குறைவுதான். தொற்று வந்த பிறகு வரும் வாரங்களில் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால், அன்றே, அது நள்ளிரவானாலும், பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போய் குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவுசெய்து பார்க்கச் சொல்ல வேண்டும். “கடைசி மாசத்துல இடம் பத்தாது, அசைவு குறையத்தான் செய்யும்” என்று வீட்டுப் பெரியவர்கள் தேற்றுவார்கள். அது சரியல்ல, புரளும் விதம் மாறலாம், அசைவு குறையக் கூடாது. “ஜூஸ் குடிச்சிட்டுப் படு, காலைல பாத்துக்கலாம்” என்பதற்கும் இந்த விஷயத்தில் இடமில்லை.

பயம் அளவு மீறவும் வேண்டாம். அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. 2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர் வரையிலான பிரசவங்களைப் பார்த்ததில், பிரசவத்தின்போது கொரோனா இருந்தவர்களில் 1.26 சதவீதத்தினருக்கும் இல்லாதவர்களில் 0.64 சதவீதத்தினருக்கும் குழந்தை இறந்து பிறந்தது. டெல்டா காலத்தில்தான் வித்தியாசம் சுமார் நான்கு மடங்கானது. ஒமிக்ரானுக்குப் பிறகு இந்த நஞ்சுக்கொடிச் சேதம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

காலம் தவறினால் திரும்ப வராத ஸ்கேன்கள்

கொரோனாவுக்கான ஸ்கேனுக்கு அவசரப்படுபவர்களே, தனிமையில் இருக்கும்போது எடுத்தே ஆக வேண்டிய ஸ்கேனைத் தள்ளிப்போடுகிறார்கள். குழந்தையின் பின்கழுத்துத் தோலடி நீரை அளக்கும் என்.டி. ஸ்கேன் 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் எடுக்க வேண்டும்; 14 வாரம் ஆகிவிட்டால் அந்த அளவுக்குப் பொருளில்லை. தவறிவிட்டால் வருத்தப்பட வேண்டாம், ரத்தப் பரிசோதனைகள் இருக்கின்றன, டாக்டரிடம் கேளுங்கள். உறுப்புக் குறைகளைப் பார்க்கும் அனாமலி ஸ்கேனை 18 முதல் 22 வாரத்துக்குள் முடிப்பது நல்லது. காய்ச்சலை மறைத்துக்கொண்டு போவதைவிட, முன்கூட்டியே போன் செய்து சொன்னால் அன்றைய கடைசி ஆளாக, மாஸ்க்குடன் வரச் சொல்வார்கள்.

நெஞ்சு எக்ஸ்ரேக்கு மறுப்பது

மூச்சு வாங்கும்போது “வயித்துல புள்ள இருக்கு, எக்ஸ்ரே வேண்டாம்” என்று கையெழுத்துப் போட்டு மறுப்பவர்கள் உண்டு. நெஞ்சு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போய்ச்சேரும் கதிர்வீச்சு 0.01 மில்லிகிரேக்கும் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கீழே. நெஞ்சு சி.டி.யில்கூட 1 மில்லிகிரேயைத் தொடாது. கவலைக்குரிய அளவு 50 மில்லிகிரே. நுரையீரலை அல்ட்ராசவுண்டிலும் பார்க்கலாம். கதிர்வீச்சே இல்லை, படுக்கையிலேயே எடுத்துவிடலாம். ஆனால் நுரையீரலின் வெளி ஓரத்தைத் தொடும் சேதம்தான் அதில் தெரியும். அதில் தெரியும் செங்குத்துக் கோடுகள் கொரோனாவுக்கு மட்டுமே உரியவை அல்ல. ரத்தக்கொதிப்பால் நுரையீரலில் நீர் கோத்தாலும் வரும். மாசமாக இருந்தாலே மூச்சு வாங்கும் என்று விட்டுவிடாமல், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 95-க்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

ரத்தக்கொதிப்பிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. கடுமையான கொரோனா, கர்ப்பத்தில் ரத்தக்கொதிப்போடு வரும் பிரீஎக்ளாம்ப்சியா என்ற நோயைப் போலவே வேஷம் போடும்: பி.பி. ஏறும், கல்லீரல் அளவுகள் கூடும், தட்டணுக்கள் குறையும். 2020-இல் பார்சிலோனாவில் கடும் நிமோனியாவுடன் இருந்த 8 கர்ப்பிணிகளில் 5 பேருக்கு இப்படி இருந்தது. கருப்பை ரத்தக்குழாய் டாப்ளரும் ரத்தக் குறியீடுகளும் உண்மையான பிரீஎக்ளாம்ப்சியா என்று காட்டியது ஒருவருக்கு மட்டும். அதனால் “உடனே ஆபரேஷன் பண்ணி எடுத்துடுங்க” என்று டாக்டரை நெருக்காதீர்கள். கொரோனா மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது.

தடுப்பூசி பற்றி ஒரு வரி: இந்தியாவில் கர்ப்பிணிகளுக்கு அனுமதி கிடைத்தது 2021 ஜூலை 2 அன்று. அதற்குள் இரண்டாம் அலை அடித்து ஓய்ந்திருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கில், தொற்றுள்ள கர்ப்பிணிகள், பிரசவித்த தாய்மாரிடையே இறப்பு முதல் அலையில் 0.7 சதவீதம், இரண்டாம் அலையில் 5.7 சதவீதம்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. தொற்று வந்து சில வாரங்களுக்குள் குறைமாதப் பிரசவமோ, குழந்தை இறந்து பிறப்பதோ நடந்தால், நஞ்சுக்கொடியை வழக்கம்போல் கழித்துவிடுகிறார்கள். காரணம் அதில் இருக்கலாம். அடுத்த கர்ப்பத்துக்கு என்ன கண்காணிப்பு தேவை என்பதும் அதைப் பொறுத்தது. லேபர் வார்டுக்குள் போகுமுன்பே, கொரோனா வந்த தேதியை ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி, நஞ்சுக்கொடியை பயாப்சிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.